வாயில் ஊற்றியது

விடியுமுன்பே சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிட்டது. அரியலூர்ப் பக்கம், சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அனுப்பும் கான்ட்ராக்ட் குவாரி அது. வெடி வைத்துச் சரித்த பாறைகளை ஆண்கள் உடைத்தார்கள். பெண்கள் கூடையில் அள்ளி டிப்பர் லாரிக்குச் சுமந்தார்கள். வியர்வையில் ஒட்டிய வெள்ளைத் தூள் கழுத்து மடிப்பில் புகுந்து தோலை அரித்தது.

குருநாதன் ஒரு பாறையைக் கடப்பாரையால் நெம்பினான். அதற்கு மேலிருந்த பாறை பெயர்ந்து வந்தது.

எலும்பு நொறுங்கிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. முழங்காலுக்குக் கீழே அவனுடைய வலது கால் பாறைக்கடியில் போயிருந்தது. அவன் மனைவி செங்கமலம் கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்து, நகம் பிய்யப் பிய்யக் கல்லைத் தள்ளினாள்.

"கொன்னுடுங்கடா! என்னைக் கொன்னுடுங்கடா!" என்று அலறினான் குருநாதன்.

சூப்பர்வைசர் ராசாங்கம் முதலுதவிப் பெட்டியோடு வந்தான். பெட்டியில் பஞ்சு இல்லை, கட்டுத்துணி இல்லை. பிராந்தி பாட்டில் இருந்தது.

"ஊத்துடா வாயில. வலி தெரியாது."

கூட்டாளி தமிழழகன் ஊற்றினான். அந்தக் குவாரியில் அடிபட்டவனுக்கு எப்போதும் செய்வதுதான். பாதி தொண்டையில் இறங்கியது, பாதி மார்பில் வழிந்தது. பிறகு கடப்பாரைகளைக் கொடுத்துக் காலை உருவினார்கள். பாதம் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது.

பெரம்பலூர்த் தனியார் ஆஸ்பத்திரியில் செங்கமலம் ரத்தக் கையோடு இன்சூரன்ஸ் கார்டை நீட்டினாள். மாதாமாதம் கூலியில் பிடித்துக்கொண்டு கான்ட்ராக்டர் அறிவரசன் கொடுத்த கார்டு. 'கேஷ்லெஸ்! காட்டுனாப் போதும், ஒரு பைசா கேக்கமாட்டான்' என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மதியம், இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த அனிதா கூப்பிட்டாள்.

"அக்கா, கம்பெனிக்காரன் தரமாட்டேன்னுட்டான்."

"கேஷ்லெஸ்னாங்களே தாயி?"

"கேஷ்லெஸ்னா காசே கிடையாதுன்னு அர்த்தமில்லக்கா. கம்பெனி மொதல்ல ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டிடுவான்."

"வெயிட்டிங் பீரியட்னு ஒண்ணு சொல்வாங்களே, அதுங்களா?" என்றான் தமிழழகன்.

"அது பழைய நோவு, குடலிறக்கம் மாதிரி வியாதிக்குங்க. அதுக்கெல்லாம் இத்தனை வருசம் காத்திருக்கணும்பான். விபத்துக்கு மொத நாளே உண்டு. இது எக்ஸ்க்ளூஷன். எதுக்கெல்லாம் தரமாட்டோம்னு பாலிசியிலயே ஒதுக்கி வச்சிருப்பான். போதையில அடிபட்டா அதுல வந்துடும். வாயில மது வாசம்னு டாக்டர் எழுதிட்டாரு."

தமிழழகன் சுவரில் சாய்ந்தான். "அது நான் ஊத்துனதுங்க. அடிபட்ட பின்னாடி ஊத்துனது."

"அப்படின்னு குவாரியில எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. மறுபடி கேட்டுப் பாக்கலாம். நாளை மதியத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலன்னா காலை எடுக்கணுமாம்."

"திருச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா?" என்றாள் செங்கமலம்.

"இப்ப அசைச்சா உசுருக்கே ஆபத்துங்கறாங்கக்கா."

கூட வந்த ஜோதி, செங்கமலத்தோடு கல் சுமப்பவள், முன்னால் வந்தாள். போன கார்த்திகையில் அவள் புருசன் ராஜாவின் கை அதே குவாரியில் நசுங்கிப் போனது.

"எம் புருசன் வாயிலயும் அந்தப் பெட்டியில இருந்துதான் ஊத்துனாங்க. மலைக்குப் போக மாலை போட்டிருந்த மனுசன். கடேசியில குடிகாரன்னு சொல்லி இன்சூரன்ஸும் இல்ல, நஷ்டஈடும் இல்லன்னுட்டான் அறிவரசன்."



"பஞ்சு வாங்க வக்கில்லாதவன்," என்றான் தமிழழகன், "பாட்டில் மட்டும் தீரத் தீர வாங்கி வைக்கிறான்."

மறுநாள் விடியலில் ஒரு சம்மட்டியும் எழவில்லை. எல்லாரும் குவாரி வாசலில் குந்தியிருந்தார்கள். அறிவரசன் காரிலிருந்து இறங்கினார்.

"என்னடா, பந்தியில உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? இலை போடணுமா?"

"ஒரு வரி எழுதிக் குடுங்க," என்றாள் செங்கமலம். "அவரு குடிக்கல, அடிபட்ட பின்னாடி உங்க பெட்டியில இருந்து ஊத்துனதுன்னு."

"எழுதுனா எந் தலையில விழும். மைன்ஸ் ஆபீசர் வருவான். குவாரியை மூடிட்டா கஞ்சிக்கு எங்க போவீங்க?"

"பாறை எங்க தலையில விழுதுங்களே."

"ஊத்துனது உங்க ஆளு, குடிச்சது உம் புருசன். நான் எரக்கப்பட்டு வச்சது அது."

"அப்ப அந்த எரக்கத்தையே எழுதிக் குடுங்க."

கூட்டம் சிரித்துவிட்டது. அறிவரசனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கண்ணைக் காட்டினார்.

பின்னால் நின்ற ராசாங்கம் இரும்புக் கம்பியை வீசினான். தமிழழகனின் நெற்றி கிழிந்தது. அடுத்த வீச்சுக்குச் செங்கமலம் குறுக்கே கையைக் கொடுத்தாள். முன்கை மளுக்கென்று ஒடிந்து, எலும்பு தோலுக்கடியில் துருத்தியது. மண்டி போட்டுச் சரிந்தாள். தமிழழகன் கம்பியைப் பிடுங்கி ராசாங்கத்தின் தாடையில் ஒன்று விட்டான். பல் தெறித்து விழுந்தது. மறுபடி ஓங்கினான்.

"வேணாம்டா!" என்று ஜோதி அவன் கையில் தொங்கினாள். "உள்ள போயிட்டீன்னா சாட்சி சொல்ல யாரு இருக்கா?"

அதற்குள் அறிவரசன் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிவந்து திறந்து பாட்டிலை எடுத்துவிட்டார். செங்கமலத்தின் தாடையை அழுத்தினார்.

"குடி. வலி தெரியாது."

அவள் பல்லைக் கடித்தாள். அவர் பாட்டில் மூடியைத் திருகுமுன் தலையால் அவர் வயிற்றில் முட்டினாள். அவர் மல்லாந்தார். ஜோதி பாட்டிலைப் பறித்துப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"எனக்கு வலி தெரியட்டும்," என்றாள் செங்கமலம். "என் வாயை மோந்து பாருங்க. எல்லாரும் பாருங்க."

ஜோதி குனிந்தாள். "பழைய சோறு. வெங்காயம்."

தமிழழகன் குனிந்தான். அவன் நெற்றி ரத்தம் அவள் தோளில் சொட்டியது. "பழைய சோறு." அடுத்தவன் வந்தான். அடுத்தவள் வந்தாள்.

டிப்பர் டிரைவர் வண்டியை உறும விட்டான். செங்கமலத்தைத் தூக்கி ஏற்றினார்கள். பின்னால் எல்லாரும் ஏறினார்கள்.

"போனவன் ஒருத்தனும் நாளைக்கு உள்ள வரமுடியாது!" அறிவரசன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து கத்தினார்.

ஒருவரும் இறங்கவில்லை.

"ஊத்துனவன் நானு. டாக்டருகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றான் தமிழழகன்.

"ஏன், உனக்கு மட்டுந்தான் வாய் இருக்கா?" என்றாள் ஜோதி. பெட்டி அவள் மடியில் இருந்தது.

கல் ஏறும் இடத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் செங்கமலத்தின் ஒடிந்த கையை நாலைந்து கைகள் தாங்கின. லாரி பெரம்பலூர் சாலையில் திரும்பியது. வெயில் இப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.