பின்பக்க இடது கதவு

பெயிண்டருக்குத் தன் கைமேல் அசாத்தியப் பெருமை. தான் சரிசெய்த காரில் அடிபட்ட இடத்தைத் தன்னைத் தவிர எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிச் சொல்லியே ஒர்க்‌ஷாப்பில் பாதி நாளை ஓட்டிவிடுவார். அதனால்தான் பழைய கார் வாங்கக் கிளம்பிய தங்கை புருஷன் அவரையும் கையோடு கூட்டிப் போனார்.

கார் ஒரு டீச்சருடையது. பெயிண்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெயிலுக்கு எதிரே குனிந்து பார்த்தார், கதவுகளைத் தட்டினார், ரப்பர் பட்டைகளைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணை மூடிட்டு வாங்குங்க மாப்ள. கை படாத வண்டி."

டீச்சர் விழித்தார். "பின்னாடி இடது கதவு நசுங்கி நீங்கதானே சரிபண்ணிக் குடுத்தீங்க? தெரிஞ்சுதான் தேடுறீங்கன்னு நினைச்சேன்."

பெயிண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாசம் முப்பது வண்டி பார்ப்பவருக்கு ஆளும் நினைவில்லை, வண்டியும் நினைவில்லை. ஓடிப்போய்க் கதவைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தன் வேலை தனக்கே தெரியவில்லை என்று சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

மாப்பிள்ளைக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "அடிபட்ட வண்டின்னா விலை இறங்கணுமே மச்சான்."

"ஏன் இறங்கணும்?" என்றார் டீச்சர். "புதுசு மாதிரி ஆயிடுச்சுன்னு அன்னைக்கு இவர்தான் சொன்னார். இப்பவும் கை படாத வண்டின்னு இவர்தான் சொல்றார்."

"நாளைக்கு நான் விக்கப் போனா எவன் முழு விலை குடுப்பான்?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது பெயிண்டர்தான். இறங்கும் என்றால் இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசியதெல்லாம் பொய். இறங்காது என்றால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

"நீங்களே சொல்லுங்க" என்றார் டீச்சர். "நீங்க சொன்னா ஒத்துக்கறேன்."

"குறையத்தான் செய்யும் டீச்சர்." சொன்னதும் அவருக்கு அவமானமாக இருந்தது.

"சரி. எவ்வளவு குறைக்கட்டும்?"

பெயிண்டர் கதவருகே குந்தி உட்கார்ந்து ஓரத்திலிருந்து ஓரம் வரை உள்ளங்கையால் தடவ ஆரம்பித்தார். எங்காவது ஒரு மேடு, ஒரு பள்ளம், நிறத்தில் ஒரு சின்ன மாற்றம் அகப்பட்டால் போதும், அதற்கு ஒரு விலை சொல்லிவிடலாம். மற்ற இருவரும் காத்து நின்றார்கள். கதவில் ஒரு குறையும் இல்லை.