திராட்சைக்குத் தடை

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையோடு கிரேப்ஃப்ரூட் கூடாது என்று கைப்பேசியில் ஒரு வரி வந்தது. அன்றே சாம்பசிவன் தம் சேலையூர் வீட்டில் திராட்சைக்குத் தடை போட்டார். கிரேப் என்றால் திராட்சை. அதற்குமேல் யாரைக் கேட்க வேண்டும்? அந்த வீட்டில் அவர் சொல்லே சட்டம். அவர் அக்கறையே காவல்.

திராட்சைக்கு ஈடாகத் திருநீர்மலை நண்பரின் தோட்டத்துப் பம்பளிமாஸ் வந்தது. காலையில் மனைவி பட்டு மாத்திரை போட்டதும் சுளை சுளையாய் உரித்து நீட்டுவார். தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். வேண்டாம் என்றால், "உன் நல்லதுக்குத்தானே" என்பார். கணக்கு டீச்சரான பட்டு அடுத்த சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

சில வாரங்களில் பட்டுவின் தொடைகள் கல்லாய்க் கனத்தன. பள்ளிக்குப் போகும் வழியில், வண்டலூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியிலேயே கம்பியைப் பிடித்து நின்றாள்.

"இந்தக் காலோட எதுக்கு வேலை? உங்க ஹெச்.எம். மெட்டில்டாகிட்ட நானே பேசிட்டேன். மாசக் கடைசியோட நீ நிக்கறே" என்றார் சாம்பசிவன்.

ஊரில் அவளை அவள் பெயரால் அழைக்கும் ஒரே இடம் அந்தப் பள்ளி. அந்தக் கதவையும் அன்பின் பெயரால் அடைத்துவிட்டார்.

கால் வலி என்று போனபோது தாம்பரத்தில் டாக்டர் ஸஹானா கேட்டார்: "என்ன பழமெல்லாம் சாப்பிடறீங்கம்மா?"

"திராட்சையைக் கண்ணுலயே காட்டறதில்லை டாக்டர்" என்றார் சாம்பசிவன்.

"நான் அம்மாவைக் கேட்டேன் சார்."

பட்டு நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். தன்னைக் கேட்க ஓர் ஆள்! "பம்பளிமாஸ். தினமும், மாத்திரையோட. இவர்தான் உரிச்சுத் தருவார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கிரேப்ஃப்ரூட் திராட்சை இல்லை சார். பம்பளிமாஸுக்குத்தான் சொந்தம். ரெண்டுமே இந்த மாத்திரையை உடம்புல அதிகமாத் தேங்க வைக்கலாம். வலி அதனாலயும் இருக்கலாம். பழத்தை நிறுத்துங்க, ரத்தம் பார்த்துட்டு மாத்திரையைப் பத்திச் சொல்றேன். திராட்சை தாராளமாச் சாப்பிடலாம்."

வராந்தாவில் சாம்பசிவன் தீர்ப்புச் சொன்னார். "இனிமே எந்தப் பழமும் வேண்டாம். வம்பே இல்லை."

"ஏன்னா, என் வேலை?"

"அதான் சொல்லியாச்சே. இப்போ மாத்திச் சொன்னா என் மரியாதை என்ன ஆறது?"

பழத்தின் பெயரறியாமல் ஊட்டியவருக்கு மரியாதை. தின்று தொலைத்தவளுக்கு வீட்டுச்சிறை. இதுவா நீதி? பட்டு கைப்பையிலிருந்து போனை எடுத்து ஹெச்.எம்.மை அழைத்தாள்.

"மேடம், பட்டு பேசறேன். நிக்கறேன்னு சொன்னது என் ஆத்துக்காரர். நான் சொல்லலை. கால் வலி இன்னும் இருக்கு. ஆனா வேலையை விடறதா இல்லை."

"இங்கே கொடு" என்று அவர் கை நீட்டினார். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.