நாடியில்லாத சுனஹாராவும் ஒன்றரை ஆள் கணக்கும்

1968 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. ஹிரோஷிமாவின் கார்த் தொழிற்சாலை ஒன்றில் நடந்த ஆண்டு உடற்பரிசோதனையில், எஞ்சின் சோதனைக்கூடத் தொழிலாளர் சுனஹாரா தெய்ஜிக்கு நாடித்துடிப்பு இல்லை என்பது காலை ஒன்பது மணிக்குத் தெரியவந்தது; பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் இறந்தவராகப் பதிவு செய்யப்பட்டார். அநீதி இதுதான்: அவர் இறக்கவில்லை, அதனை அவரே நேரில் வந்து சொல்லியும் எவரும் ஏற்கவில்லை.

தொழிற்சாலை மருத்துவர் குராத்தா முதலில் வலக்கையைப் பிடித்துப் பார்த்தார், அடுத்து இடக்கையை, அதற்கடுத்துக் கழுத்தை.

“அங்கயும் இருக்காது டாக்டர். போன வியாழக்கிழமையிலேருந்து அடிக்கறது நின்னுபோச்சு. இப்ப சுத்துது” என்றார் தெய்ஜி.

“எது சுத்துது?”

“நெஞ்சுக்குள்ள இருக்கறதுதான். காதை வச்சுக் கேளுங்களேன்.”

மருத்துவர் கேட்டார். பெட்டிக்குள் அடைபட்ட வண்டு முரல்வதைப் போன்ற ஒலி, ஏற்றமும் இறக்கமும் இன்றி, நூல் பிடித்தாற்போல ஓடிக்கொண்டிருந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஏழாண்டுகளாகத் தெய்ஜி நாள்தோறும் எட்டு மணி நேரம் சுழல் எஞ்சினின்மீது உள்ளங்கையை வைத்திருந்தவர். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலே போகும், நிற்கும். கீழே வரும், நிற்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நின்று நின்று புறப்படும் இந்தத் தயக்கத்தைக் கட்டிமேய்ப்பதற்காகவே தண்டு, வால்வு, சுருள்வில் என ஒரு பெரும் பரிவாரத்தை அறிஞர்கள் படைத்து, அதற்கு முன்னேற்றம் என்று பெயரும் சூட்டியிருந்தனர். சுழல் எஞ்சினிலோ, நிலக்கடலைத் தோட்டினைப் போல இடுப்பு சிறுத்த அறைக்குள் முக்கோண உருளையொன்று நில்லாமல் சுற்றும், அவ்வளவே. தொழிலாளர்கள் அவ்வுருளையைச் சோற்றுருண்டை என்றே அழைத்தனர். குறைகளும் இருந்தன. பெட்ரோலை மொண்டு குடிக்கும். எண்ணெயையும் சேர்த்து எரிக்கும். மெதுவாக ஓடச் சொன்னால் திணறும். மூன்று முனைகளிலும் உள்ள தகடுகள் அறையின் சுவரைப் பிறாண்டி வரிவரியாகத் தழும்பிடும். அந்தப் பிறாண்டலுக்குக் காரணத்தைக் கண்டறியும் தறுவாயில்தான் தெய்ஜி இறந்தவரானார். சோதனைக்கூடத்தில் தம் இடம் மீண்டும் வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதையும் கேட்கவில்லை.

அலுவலகப் பணியாளர் ஹமாசாகி பண்பாளர். ஆயினும் படிவம் அவரினும் பெரியது.

“நாடிங்கற கட்டத்தைக் காலியா விட முடியாதுங்க, சுனஹாரா-சான். ஏதாவது ஒரு எண் போட்டாகணும்.”

“அப்ப பூஜ்யம்னு போட்டுக்குங்க.”

“போட்டாச்சு. பூஜ்யம் போட்டா மறுநாள் மலர்வளையம் அனுப்பணும். மனசைத் தேத்திக்குங்க.”

மலர்வளையம் உரிய நேரத்தில் வந்தது. அதனைச் சுமந்து வந்தவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவர் தெய்ஜியே. அவருடைய மனைவி ஃபுசாயே, வந்த மரியாதையைத் திருப்பி அனுப்புவது முறையன்று என்பதால், முழங்காலிட்டுத் தலைவணங்கி நன்றி கூறினார். ஈராண்டுகளுக்கு முன் கணவருக்கு எலும்பு முறிந்தபோது ஒரு பூங்கொத்தும் அனுப்பாத நிர்வாகம், இப்போது இவ்வளவு தாராளம் காட்டியது அவருக்கு உறுத்தியது.

வீட்டில் நிலைமை வேறாயிற்று. முட்டைக்கோசும் நூடுல்சும் அடுக்கிச் சுட்ட ஒக்கோனோமியாக்கி தெய்ஜிக்கு ஒருவேளைக்கு எட்டுத் தட்டு தேவைப்பட்டது. வாரம் ஒருமுறை ஒரு கரண்டி நல்லெண்ணெய் கொடுக்காவிட்டால் நெஞ்சு கரகரத்தது. அவர் குளியல் தொட்டியில் இறங்கினால் அடுப்பு மூட்டாமலே நீர் கொதித்ததால், தெருவே துண்டும் சோப்புமாக வாசலில் நின்றது.

“செத்தவருக்கு எதுக்குங்க இத்தனை பசி?” என்று ஃபுசாயே கேட்பார். “உயிரோட இருந்தப்ப மூணு தட்டுல நிறுத்திக்குவீங்க.”

பசி தீர்ந்த பின்னர் அவர் ஒவ்வொரு நாளும் தொழிற்சாலை வாயிலுக்குப் போய் நிற்பார். சுழல் எஞ்சினே வருங்காலம் என்று உலகெங்கும் சுவரொட்டி ஒட்டிய நிர்வாகம், நெஞ்சு சுழலும் ஒரேயொரு மனிதரை அச்சுவரொட்டியின் கீழேயே ஓராண்டும் நான்கு மாதமும் நிறுத்திவைத்தது. கொள்கை வேறு, ஆள் வேறு என்னும் நுட்பம் படித்தவர்களுக்கே விளங்கும்.

அவருக்காக வாய் திறந்தவர், பிஸ்டன் பிரிவின் மேற்பார்வையாளரும் அவருடைய பழைய பகையாளியுமான தொகுமித்சு. ஒரு நண்பகலில் அவர் ஹமாசாகியைச் சட்டையைப் பிடிக்காத குறையாக வாயிலுக்கு இழுத்துவந்தார்.

“டேய் சுனஹாரா, பெஞ்சுல மல்லாந்து படு. இவருக்கு நம்ம பத்து யென் சோதனையைக் காட்டுவோம்.”

“உன் பிரிவுல அந்தச் சோதனை ஒருநாளும் தேறினதில்லையே!”

“செத்தும் உனக்கு வாய் அடங்கலை பாரு.”

எஞ்சின் அதிராமல் ஓடுகிறதா என்பதை அறிய அதன்மேல் நாணயத்தை விளிம்பில் நிறுத்திப் பார்ப்பது சோதனைக்கூட வழக்கம். தொகுமித்சு தெய்ஜியின் மார்பில் நாணயத்தை நிறுத்தினார். மதிய இடைவேளை முடியும்வரை அது அசையவில்லை. பின்னர் தாமும் படுத்துத் தம் மார்பில் நிறுத்திக் காட்டினார். இரண்டாம் துடிப்பிலேயே உருண்டோடியது. ஹமாசாகி அதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, சான்று சிறப்பாக இருக்கிறது, ஆனால் படிவத்தில் நாணயத்துக்குக் கட்டமில்லை என்று வருந்தினார்.

அப்போதுதான் தெய்ஜி முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்.

“இந்த ஊர்ல செத்தவங்க பட்டியல் போதுமான நீளம் இருக்கு, ஹமாசாகி-சான். அதுல எங்க அம்மா இருக்காங்க, என் ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க. அவங்க பக்கத்துல போய் நிக்க இப்ப எனக்கு நேரமில்ல. வேலை கிடக்கு.”

ஹமாசாகியின் அண்ணனின் பெயரும் அணுகுண்டில் மாண்டோரின் அதே பட்டியலில் இருந்தது. மூன்றாம் நாள் அவர் வரித்துறையின் சுற்றறிக்கை ஒன்றுடன் வந்தார். சுழல் எஞ்சினைப் பிஸ்டன் எஞ்சினோடு எப்படி ஒப்பிடுவது என்று தெரியாமல் தவித்த அரசு, அதன் கொள்ளளவை ஒன்றரையால் பெருக்கிக்கொள்க என்று அதில் ஆணையிட்டிருந்தது. ஏன் ஒன்றரை என்று எவரும் கேட்கவில்லை, அரசும் சொல்லவில்லை. சராசரி மனிதனின் நாடி எழுபத்திரண்டு. அதன் ஒன்றரை மடங்கு நூற்றெட்டு. புத்தாண்டில் கோயில் மணி ஒலிப்பதும் நூற்றெட்டு முறை என்பதால், அவ்வெண்ணை மறுக்கும் துணிவு இயக்குநர் குழுவில் எவருக்கும் வரவில்லை. ஹமாசாகி பூஜ்யத்தை அடித்தார்; நூற்றெட்டு என்று எழுதி, பக்கத்தில் ‘ஒன்றரை மடங்கு’ என்று குறித்தார்; தெய்ஜி உயிர்பெற்றார்.

மறுநாளே எஞ்சின்மீது உள்ளங்கையை வைத்தவர், குளிர்ந்த பார்லித் தேநீர் குடித்தால் தம் நெஞ்சில் எழும் அதே நடுக்கமே தகடுகளிலும் எழுகிறது என்றார். தகட்டில் சிறு துளையிட்டார்கள், பிறாண்டல் நின்றது. அறிக்கையில் மூன்று மேலாளர்களின் பெயர்கள் அச்சாயின. அவர் பெயருக்கு மட்டும் தாளில் இடம் போதவில்லை.

பதிவேடு ஒருமுறை கற்றதை மறக்காது. ஒன்றரை என்று எழுதப்பட்டவர் எங்கும் ஒன்றரையாகவே எண்ணப்பட்டார். தெருச் சாக்கடையைத் துப்புரவு செய்யும் முறை மற்றவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்றரை. தொழிற்சாலைப் பேருந்தில் அவருக்கு ஒன்றரை இருக்கை. மீதி அரையில் தொகுமித்சு முணுமுணுத்தபடியே அமர்ந்து வந்தார். வாக்கு மட்டும் ஒன்றே. எண்ணெய் நெருக்கடி வந்த 1973இல், நாட்டின் தட்டுப்பாட்டுக்கு அவருடைய எட்டுத் தட்டும் ஒரு காரணம் என்று செய்தித்தாளில் கடிதம் எழுதியவர்களும் உண்டு. குராத்தா காலமானார், தொகுமித்சு காலமானார், இருவருடைய இதயமும் நூல்களில் எழுதியுள்ளவாறே முறைப்படி அடித்து, முறைப்படி நின்றன. பின்னாளில் தொழிற்சாலை சுழல் எஞ்சினை நிறுத்தியது. தெய்ஜியை எப்படி நிறுத்துவது என்பது எவருக்கும் தெரியவில்லை.

தொண்ணூற்று நான்கு வயதில் அவர் இன்றும் காலையில் என்கோ ஆற்றங்கரையில் ஓடுகிறார். மெதுவாக நடக்க வராது. அக்கம்பக்கத்தார் வணக்கம் சொல்லி ஒதுங்கி நிற்கின்றனர். இவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த இளைஞர் ஒன்றரை என்பதைப் பிழையெனக் கருதித் திருத்த முயன்று, ஆள் எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக்கிவிட்டுப் போயிருக்கிறார். காலிக் கட்டத்தில் எவரேனும் பூஜ்யம் போட்டுவிட்டால், மறுநாள் மலர்வளையம்தான்.

ஆகவே, படிப்பவரே, பேனாவை எடும். ஒன்று என்று எழுத விரும்பினால் ஒன்று என்று எழுதும். ஒன்றரை என்றால் ஒன்றரை. ஆனால் இன்றே எழுதும்.