சிலுவைக்குப் பின்னால் ஒரு பேட்டரி

சபையில் எல்லோரும் அவரைக் கரண்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபியூஸ் போனாலும் அவர்தான், பிரசங்கத்தின் நடுவில் மைக் கீச்சென்று கத்தினாலும் அவர்தான்.

அவர் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அம்மாள் மசியவில்லை.

"ஆண்டவர் ஒரு அடையாளம் காட்டட்டும், அப்புறம் பாக்கலாம்." ஆண்டவர் லெட்டரா போடுவார் என்று கரண்ட்காரர் தினமும் கேலி செய்வார்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவள் முழங்காலில் இருந்தபோது கரண்ட் போனது. ஆலயம் முழுக்க இருட்டு. பீடத்துக்கு மேலே இருந்த சிலுவை விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்தது. கூட்டம் அல்லேலூயா என்று அலறியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "ஏங்க, திங்கக்கிழமையே ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

கரண்ட்காரர் டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார், ஆனால் நிம்மதி இல்லை. அந்த விளக்குக்குப் பேட்டரி மாட்டியவரே அவர்தான், அதற்கு முந்தின நாள். பாஸ்டரிடம்கூடச் சொல்ல மறந்திருந்தார். இப்போது உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் போச்சு. சொல்லாவிட்டால் ஞாயிறு ஆராதனையில் இவள் எழுந்து நின்று ஊரறியச் சாட்சி சொல்வாள், அவருடைய பேட்டரிக்கு! உயிர்தான் முக்கியம், வாயை மூடிக்கொள்வோம் என்றுதான் இருந்தார். ஆனால் சனிக்கிழமை காலை அவள் கண்ணாடி முன் நின்று, கண் கலங்கச் சாட்சியை ஒத்திகை பார்த்தாள். பாவி மனசு கேட்கவில்லை.

"அது பேட்டரி" என்று போட்டு உடைத்தார்.

"எது?"

"சிலுவை லைட். நான்தான் மாட்டினேன்."

அவள் முகம் தொங்கிப்போனது. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் அவருக்காகத் திட்டு வாங்கின. கொஞ்சம் அடங்கியதும் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஆபரேஷனத் தள்ளி வெக்கச் சொல்லட்டுமா?"

"உங்களக் கேட்டேனா?"

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பயமா இருக்குங்க. பயத்துலதான் அடையாளம் கேட்டேன். நீங்க வெளியூர் வேலைக்குப் போறப்போ, திரும்பி வருவேன்னு எழுதி வாங்கிட்டா அனுப்புறேன்? ஆண்டவர்கிட்ட மட்டும் ஏன் அப்படிக் கேட்டேன்? போவோம். அடையாளம் ஒண்ணும் வேண்டாம், சும்மாவே போவோம்."

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றாள். "அது எங்க வீட்டுக்காரர் மாட்டின பேட்டரிங்க. எனக்கு அடையாளம் ஒண்ணும் கிடைக்கல. நாளைக்கு ஆபரேஷன். ஆண்டவர நம்பிப் போறேன். ஜெபம் பண்ணிக்கோங்க." அல்லேலூயா சொல்லத் திறந்த வாய்கள் பாதியில் நின்றன. பாஸ்டர் தண்ணீர் குடித்தார்.

திங்கட்கிழமை அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிறபோது, "ஒழுங்கா சாப்பிடுங்க" என்று அதட்டிவிட்டுத்தான் போனாள். கரண்ட்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்து வருகிற நர்ஸ் சிரித்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

நர்ஸ் வந்தாள். "செருப்ப வெளிய விடுங்க சார்!" என்று சிடுசிடுத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் போச்சு என்று நினைத்தார். மறு நிமிடமே தன்மேல் எரிச்சல் வந்தது. அவளை அத்தனை நாள் கேலி செய்த ஆள், இப்போது ஒரு நர்ஸின் பல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தார். ஜெபம் செய்து பழக்கமில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் காட்ட வேண்டாம். உள்ள அவ தனியா இருக்கா. பக்கத்துல நில்லுங்க."

கதவு மூடியேதான் இருந்தது. ஆண்டவர் அவள் பக்கத்தில் நிற்பார் என்று கரண்ட்காரருக்குத் தோன்றியது.