திருப்திகரம்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்துமூன்று வருடமாக மேல்வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். அதில் ஒன்பது வருடம் துணைத் தலைமையாசிரியையாக இருக்கிறேன். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பதவியேற்கும் நாளில் பக்கத்தில் நிற்பதற்காக என் வீட்டுக்காரர் புதுச் சட்டைகூட எடுத்துவிட்டார். வந்ததோ வேறொருவர். பதினைந்து வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், என்னைவிட ஆறு வயது இளையவர், சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்பதும் தப்பு. அந்த மனிதர் உட்காரவே மாட்டார். காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வணக்கம் சொல்வார். லீவு போட்ட ஆசிரியரின் வகுப்புக்குத் தானே போய் நிற்பார். பெற்றோர் வந்தால் உட்காரட்டும் என்று தன் அறையில் இரண்டு நாற்காலி போட்டார். அதுவரை அவர்கள் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். பேச்சும் சீக்கிரம் முடியும். கருணைக்கடல் என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். ஒரே வாரத்தில் ஆசிரியர் அறை முழுக்க அந்தப் பெயர் ஓடியது.

தாமதப் பதிவேட்டைக் கேளுங்கள். நேரம் தவறி வருகிறவர்கள் பெயர், வகுப்பு, காரணம் எழுத வேண்டும். நான் கோடு போட்டு வைத்திருந்த பதிவேடு அது. அவர் ‘காரணம்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘சாப்பிட்டாயா?’ என்று எழுதினார். இல்லை என்று எழுதினால் அலுவலகத்தில் இரண்டு பிஸ்கட். தாமதமாக வந்தால் பிஸ்கட் கிடைக்கும் என்றால் எந்த மடையன் நேரத்துக்கு வருவான்? கேட்டேன். “பசியோட வர்ற பிள்ளைக்குக் கணக்கு ஏறுமா மேடம்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இதற்கு நடுவில்தான் அந்த வீடியோ வந்தது.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண். லிஃப்ட் பழுது பார்ப்பவரின் மகள், வாய்த் துடுக்கு, மூன்றாவது பெஞ்சு. ஒருநாள் கரும்பலகையில் ஒரு பையன் போட்ட கணக்கைப் பார்த்து நான் கத்தினேன். “மைனஸ் எங்கே? மைனஸை எங்கே விட்டே?” என்று மூன்று நான்கு முறை கத்தியிருப்பேன். அவள் பைக்குள் ஒளித்து வைத்திருந்த போனில் அதைப் பிடித்து, தாளம் சேர்த்து, என் தலை முன்னும் பின்னும் ஆடுகிற மாதிரி செய்து அனுப்பிவிட்டாள். இரண்டே நாளில் தெருவெல்லாம் மைனஸ் எங்கே. பஸ்ஸில் நடத்துனர் அதை முணுமுணுத்துக்கொண்டே எனக்கு டிக்கெட் கிழித்தார். என் நாத்தனார் எங்கள் குடும்பக் குழுவில் அதைப் போட்டு, கண்ணில் தண்ணீர் வர வர சிரிக்கிற பொம்மை ஏழு வைத்திருந்தாள். ஏழு. எண்ணினேன்.

நான் அழுதேன். குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணை வெளியே அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கருணைக்கடல் அவளோடு மூன்று நாள், தினமும் ஒரு பாடவேளை உட்கார்ந்து பேசினார். என்னோடு இரண்டு நிமிடம், அதுவும் வராந்தாவில் நின்றபடி. “அந்தப் பொண்ணு ரொம்ப பயந்து போயிருக்கா மேடம். வீடியோவை எடுத்துட்டா. அவளை விட்டுடுவோம்” என்றார். பிள்ளை பயந்து போயிருக்கிறாளாம். எனக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய கருணை பதினெட்டு வயதோடு நின்றுவிடும் போலிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பாவே வந்தார். வேலை ஊரின் மறு கோடிக்கு மாறிவிட்டது, வீட்டையும் மாற்றியாயிற்று, அங்கேயே ஒரு பள்ளியில் சேர்க்க டி.சி. வேண்டும் என்றார். எங்கள் பள்ளியில் மாற்றுச் சான்றிதழை நான்தான் கையால் நிரப்புவேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார். பெயர், பிறந்த தேதி, படித்த வகுப்பு, கடைசியில் நடத்தை.

இந்த நடத்தை என்கிற கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் அதில் மோசம் என்று எழுத முடியாது. எழுதினால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். அதனால் எங்கள் ஊர்த் தலைமையாசிரியர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பழையவர் எனக்குச் சொல்லித் தந்தது. ‘நன்று’ என்று இருந்தால் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘திருப்திகரம்’ என்று இருந்தால் இந்தத் தலைவலி உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். படிக்கிற அப்பா அம்மாவுக்கு அது நல்ல வார்த்தை. படிக்க வேண்டியவர்களுக்கு அதில் ஒரு மைனஸ் ஒளிந்திருப்பது தெரியும்.

சின்னப் பிள்ளைகள் பள்ளிச் சான்றிதழில் நடத்தைக் கட்டமே கிடையாது. கருணைக்கடலுக்கு இந்த வழக்கம் தெரிய வழியில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

‘திருப்திகரம்’ என்று எழுதினேன். ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனுக்கும், ஆசிரியர் வண்டியில் காற்றைப் பிடுங்கியவனுக்கும் ‘நன்று’ போட்ட அதே பேனாவில்தான் எழுதினேன்.

தலைமையாசிரியர் மற்ற வரிகளைப் பார்க்கவே இல்லை. நான் நிரப்பியது என்றால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார், நம்பிக்கையாம். கண் அந்தக் கடைசி வார்த்தையில் மட்டும் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது. “மேடம், உங்க இடத்துல வேற யாராவது இருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாங்க” என்றார். அதோடு விட்டாரா? சாயங்காலக் கூட்டத்தில் எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் என் பெரிய மனதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். விஷயம் தெரிந்த மூத்த ஆசிரியர்கள் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் டி.சி. “ஸாரி மேடம். நான் பண்ணதுக்கு நீங்க இப்படி எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. தேங்க்ஸ் மேடம்” என்றாள். துடுக்கெல்லாம் எங்கே போனதோ. அந்த நிமிடம் நான் நினைத்திருந்தால் தாளை வாங்கிக் கிழித்துப்போட்டிருக்கலாம். “சரி, நல்லா படி” என்று மட்டும் சொன்னேன். அவள் போன பிறகு ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அப்பா திரும்பி வந்தார். வேலைச் சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. தலைமையாசிரியர் என்னையும் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

“மூணு ஸ்கூல் ஏறி இறங்கிட்டேன் சார். வாங்கிப் பார்ப்பாங்க, சிரிப்பாங்க, இடமில்லைன்னு திருப்பிக் கொடுப்பாங்க. மூணாவது ஸ்கூல்ல ஆபீஸ்ல இருக்கற அம்மா பாவப்பட்டு சொன்னாங்க, இந்த வார்த்தை இருந்தா எங்கயும் எடுக்க மாட்டாங்கன்னு. வெள்ளிக்கிழமையோட பரீட்சைக்குப் பேர் கொடுக்கறது முடியுது சார். விட்டா ஒரு வருஷம் போச்சு. அவ இப்பவே படிப்பு வேணாம்னு சொல்றா.” என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நான் அதைப் படிச்சு சந்தோஷப்பட்டேன். பாருடி, நீ கேலி பண்ண டீச்சர் உன்னைப் பத்தி எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க, போய் மன்னிப்புக் கேளுன்னு நான்தான் அனுப்பினேன்.”

நான் அந்தக் கிரீஸ் கறையையே பார்த்தேன்.

“திருப்திகரம்னா திருப்தின்னுதானே மேடம் அர்த்தம்?” என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சிரிப்பு எப்போது ஒழியும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்! ஒழிந்தபோது எனக்கு ஒரு சுகமும் இல்லை.

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எழுத்தரைக் கூப்பிட்டார். எழுத்தர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்று என் முகத்தைப் பார்க்காமல் அவரிடமே பேசினாள். “புது டி.சி. கொடுக்கலாம் சார். ஆனா பழசுல பிழை நடந்துச்சுன்னு யாராவது எழுதிக் கையெழுத்துப் போடணும். அது மேலிடத்துக்குப் போகும். எழுதினவங்க கிட்ட விளக்கம் கேப்பாங்க.”

“நான் எழுதறேன்” என்றார் அவர். “படிக்காம கையெழுத்துப் போட்டது நான். பிழை என்னோடது.” சொல்லிக்கொண்டே தாளை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? என்ன பொம்பளை நீங்கள் என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். என் நாற்காலியை எடுத்துக்கொண்டது போதாதென்று என் தப்பையும் எடுத்துக்கொள்ள இவர் யார்?

“வைங்க சார் பேனாவை” என்றேன். குரல் வராந்தா வரைக்கும் போயிருக்கும். “நான் எழுதினதுக்கு நான்தான் எழுதணும்.”

அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். நான்கு வரி. எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ அக்கா!” என்றாள். தலைமையாசிரியர் தாளை வாங்கிப் படித்தார். இந்த முறை படித்தார்.

“மேடம், கைப்பிழைன்னு போட்டா போதுமே. வேணும்னே எழுதினேன்னு எதுக்கு? உங்களைச் சும்மா விட மாட்டாங்க.”

“நான் பிழை விடறதில்ல சார். இருபத்துமூணு வருஷத்துல என் பதிவேட்டுல நான் போட்ட ஒரு அடித்தல் திருத்தல் காட்டுங்க பார்க்கலாம். அந்த வார்த்தையைத் தெரிஞ்சுதான் எழுதினேன். தெரியாம எழுதினேன்னு ஒரு பொய்யை வேற எழுதச் சொல்றீங்களா?”

அவர் தாளை மேசையில் வைத்தார். “அந்த வீடியோ வந்தப்போ நான் உங்களைக் கேக்கவே இல்ல, இல்ல?” என்றார்.

“இப்பக் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அந்த மனிதர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவும் மகளும் வந்தார்கள். புதிய டி.சி.யை நானே நிரப்பியிருந்தேன். தலைமையாசிரியர் அறையில், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் வணக்கம் சொல்லவில்லை. மற்ற வரிகளையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனாள். பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

“நன்றுன்னு போட்டிருக்கு” என்றாள். “இதுக்கும் வேற ஏதாவது அர்த்தம் இருக்கா மேடம்?”

“ஏய்!” என்று அவள் அப்பா அதட்டினார்.

“இல்ல” என்றேன். “நன்றுன்னா நன்றுதான்.”

அவள் என்னை நம்பவில்லை. நம்பாத முகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியைகளுக்குத் தெரியும். சரியான விடை சொன்ன பையனிடம் எவனைப் பார்த்து எழுதினாய் என்று கேட்கும்போது நாங்கள் வைத்துக்கொள்கிற முகம்தான் அது. தாளை மேசைக்கு மறுபுறம் நீட்டினாள். “சார், நீங்க இதைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?”

தலைமையாசிரியருக்குக் காது மடல் சிவந்தது. படித்திருந்தார், எனக்குத் தெரியும். ஆனாலும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தார். பள்ளியின் பெயர், மாணவியின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. அந்தப் பெண் ஒவ்வொரு வரிக்கும் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கடைசி வார்த்தை வரும் வரைக்கும் நான் தலையை நிமிர்த்தவில்லை.