திங்கட்கிழமை வரைந்த படம்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. கொல்கத்தா நியூ டவுனில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், நாகரத்தினம் என்கிற ஐம்பத்து நான்கு வயது ரயில்வே ஊழியரின் கணையத்தில் இருந்த கட்டியை அகற்ற, அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை அறுவை சிகிச்சை என்று முடிவானது.

முடிவெடுத்தவள் டாக்டர் ரஞ்சனா. பெரிய அறுவை எதுவானாலும் முதலில் பென்சிலால் வரைந்து பார்ப்பது அவள் வழக்கம். ஸ்கேனை ஒருமுறை முழுக்கப் பார்ப்பாள். பிறகு திரையை அணைத்துவிட்டு, நினைவிலிருந்து வரைவாள். கட்டி எங்கே, ரத்தக் குழாய்கள் எப்படிப் போகின்றன, கத்தி எந்தப் பக்கமாக நுழைய வேண்டும் என்றெல்லாம் கை ஓட ஓடத்தான் அவளுக்கு யோசனை வரும். வரைந்து முடித்ததும் மறுபடி ஸ்கேனைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுவாள். படம் எங்கே ஸ்கேனிலிருந்து விலகுகிறதோ, அங்கே சிவப்பு மையால் வட்டம் போடுவாள். தனக்குத் தெரியாத இடம் அதுதான் என்று கணக்கு. ஒப்பிடாத படத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை, அந்தத் திங்கட்கிழமை வரை.

அன்று நாகரத்தினமும் அவர் மனைவி கனகவல்லியும் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சாந்த்ராகாச்சி யார்டில் தண்டவாளப் பராமரிப்பு மேற்பார்வையாளர். ஆறு மாதப் புற்றுநோய் மருந்து ஊசியில் சட்டைக் காலருக்குள் கழுத்து குச்சியாகியிருந்தது. புதிய ஸ்கேன் அறிக்கை, கட்டி தமனியோடு ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பது தெளிவில்லை என்றது. ரஞ்சனா அந்த ஸ்கேனை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்த்திருந்தாள்.

"வாயால சொன்னா எனக்கு ஏறாது மேடம்," என்றார் நாகரத்தினம். "படமா போட்டுக் காட்டுங்க. யார்டுல பாதி ஆயுசு பிளான் படிச்சே போச்சு."

"எங்க வீட்டு சுவத்துல ஆணி அடிக்கவே படம் போடுவாரு," என்றாள் கனகவல்லி. "ஆணி மட்டும் இன்னும் அடிக்கல."

ரஞ்சனா சிரித்துவிட்டாள். ஒரு வாரமாகத் தமிழில் யாரும் அவளைச் சிரிக்க வைத்திருக்கவில்லை. மேசையில் கிடந்த, மூலையில் மாத்திரை விளம்பரம் அச்சிட்ட தாளில் வரைந்தாள். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இரட்டைக் கோடாக இறங்கியது. பக்கத்தில் கட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளை இடைவெளி வந்து விழுந்தது.

"இதுல இடம் இருக்கே," என்று நாகரத்தினம் விரலை வைத்தார். இரண்டு தண்டவாளங்கள் கூடுகிற இடத்துக்கு முன்னால், தரையில் ஓர் அடையாளக் கல் இருக்கும். நிற்கிற வண்டி அந்தக் கல்லைத் தாண்டாமல் இருந்தால் அடுத்த தண்டவாளத்தில் வருகிற வண்டி இடிக்காமல் போய்விடும். "கல்லுக்கு உள்ளதான் நிக்குது. அப்ப வண்டி போகலாம்ல மேடம்?"

"போகலாம்," என்றாள் ரஞ்சனா.

தாளை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை மாலை, வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு, அவள் வெள்ளிக்கிழமைக்காக வரைய உட்கார்ந்தாள். முன்பக்கத்திலிருந்து ஒன்று. குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று ஒன்று. குடலைத் தூக்கிப் பின்பக்கமாகப் போனால் எப்படி என்று இன்னொன்று. மூன்றிலும் வழி கிடைத்தது. மூன்றாவது படத்தில் அவளே எதிர்பாராத ஒரு யோசனை வந்தது: முதலில் தமனியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டால் கட்டி தானாகவே விலகி வரும்.

உதவி மருத்துவர் ரோஹித் எட்டிப் பார்த்தான். பெஹாலாவில் பிறந்து வளர்ந்த தமிழன். அவளை வங்காள வழக்கப்படி, அக்கா என்ற பொருளில், 'ரஞ்சனாதி' என்று கூப்பிடுவான்.

"ஆரே, உங்க படம் ஸ்கேனைவிட சுந்தரமா இருக்கு ரஞ்சனாதி. பேஷன்ட்டை இதுக்குள்ளயே அட்மிட் பண்ணிடலாம்."

"வாய மூடிட்டு ஸ்கேனப் போடு."

திரை எரிந்தது. ஸ்கேனின் ஒவ்வொரு குறுக்கு வெட்டாக மேலிருந்து கீழே வந்தார்கள். தமனி ஒரு வெள்ளை வட்டம். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கட்டி. இரண்டுக்கும் நடுவே கொழுப்பு இருந்தால் கறுப்பாக ஒரு கோடு தெரிய வேண்டும். ரஞ்சனா தேடினாள். அடுத்த வெட்டு, அதற்கடுத்தது. சாம்பல் நிறம் தமனியின் இடப்பக்கம் போய், பின்னால் சுற்றி, முக்கால் வட்டமாகப் பிடித்திருந்தது.

"ஒருவேளை ஸ்காரா இருக்கலாம்," என்றான் ரோஹித். "மருந்துக்கு அப்புறம் தழும்பும் இப்படித்தானே தெரியும்."

"பழைய ஸ்கேன்ல பாதி வட்டம்தான் இருந்துது. தழும்பு வளராது ரோஹித்."

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். வட்டம் போடப் போனவள் நிறுத்தினாள். மூன்று படங்களிலும் அந்த வெள்ளை இடைவெளி ஒரே அகலத்தில், ஒரே சாய்வில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனில் அதைப் பார்த்த நினைவே அவளுக்கு இல்லை. பார்த்தது திங்கட்கிழமை, மாத்திரை விளம்பரத் தாளில், அவர் விரலுக்குக் கீழே. அதற்குப் பிறகு அவள் ஸ்கேனை நினைத்து வரையவில்லை. தன் படத்தை நினைத்து வரைந்திருக்கிறாள். பின்பக்கமாகப் போகும் அந்த அருமையான யோசனையும் இல்லாத இடத்துக்குள் நுழைகிற யோசனைதான்.

"நாளைக்கு அட்மிட் ஆக வராங்க," என்றான் ரோஹித். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை நாகரத்தினம் சவரம் செய்து, கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். மடிப்பு கிழியாமலிருக்க செல்லோடேப் ஒட்டி, பென்சில் கோடுகளின் மேல் பேனாவால் அழுத்திப் போட்டிருந்தார்.

"யார்டுல எல்லாருக்கும் காட்டியாச்சு மேடம். கூட வேலை செய்யற முகர்ஜி சொல்றான், இவ்ளோ கிளியரன்ஸ் இருந்தா அவனே கட்டியை எடுத்துடுவானாம்."

கட்டி தமனியைச் சுற்றியிருக்கிறது, அறுவை முடியாது என்று ரஞ்சனா சொன்னாள். முதலில் வாயால். பிறகு திரையைப் போட்டு வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, புதிய தாளில். இந்த முறை இரண்டு கோடுகளுக்கு நடுவே வெள்ளை இல்லை.

நாகரத்தினம் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.

"இந்தப் பக்கம் அடைச்சிருக்கு. சரி. சுத்திப் பின்னால வந்தா?" கோடு பின்னால் போயிற்று.

"பின்னாலயும் சுத்தியிருக்கு."

"லைனையே வெட்டி எடுத்துட்டு வேற லைன் போட்டா? நாங்க போடுவோமே."

"அது வரைக்கும் வண்டிய நிறுத்தி வைப்பீங்க. இதுல ரத்தத்த நிறுத்தினா குடல் செத்துடும். வேற குழாய் வெச்சுத் தைச்சவங்க உண்டு. உங்க உடம்பு இருக்கிற நிலைல மேசையிலயே உயிர் போயிடும். போகாட்டியும், சுத்தியிருக்கிறது பூரா எடுக்க முடியாது. திரும்ப வளரும்."

பேனா இன்னும் இரண்டு இடங்களைத் தொட்டுப் பார்த்தது. ஒவ்வொரு இடத்திலும் அவள் இல்லை என்று தலையசைத்தாள். மூன்றாவது இடத்துக்குப் போகாமல் அது தாளின் மேல் நின்றது. மை ஊறிப் புள்ளி பெரிதாயிற்று.

"அப்ப அன்னைக்குப் போட்டது பொய்யா டாக்டரம்மா?" என்றாள் கனகவல்லி.

"பொய் இல்லம்மா. தப்பு. ஸ்கேனோட வெச்சுப் பாக்காம போட்டுட்டேன்."

"எங்களுக்குக் காட்டினப்ப தெரியலையா?"

"தெரியல."

"இன்னைக்குப் போட்டது மட்டும் சரின்னு எப்படித் தெரியும்?"

ரஞ்சனா திரையைக் காட்டினாள். கனகவல்லி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கறுப்பும் சாம்பலுமான அதில் அவளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. கணவர் கொண்டுவந்திருந்த பழைய படத்தில் ஒரு வழி தெரிந்தது.

"தொறந்து பாத்துடுங்க மேடம்," என்றார் நாகரத்தினம். "தொறந்தாதானே நெசம் தெரியும்."

"தொறந்து மூடினா உங்களுக்கு ரெண்டு மாசம் ஆற வேண்டியிருக்கும். அந்த ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில போகாம உங்ககிட்ட இருக்கணும். மருந்து மாத்திப் பாக்கலாம். வலியக் குறைக்கவும் வழி இருக்கு."

அவர் பழைய தாளை மடிப்புக்கு மடிப்பு வைத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டார். புதிய தாள் மேசையிலேயே கிடந்தது. எழும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்; பக்கத்தில் நின்ற ரோஹித் கை கொடுக்கப் போனான்.

"வேணாம் தம்பி. இன்னும் நடக்கறேன்."

கனகவல்லி வாசலில் நின்று திரும்பினாள். "உங்க கைய நம்பித்தான் டாக்டரம்மா வந்தோம்."

வெள்ளிக்கிழமை காலை அந்த நேரத்தில் வேறொருவருக்குப் பித்தப்பை அகற்றப்பட்டது. நாகரத்தினத்தைச் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் ஆகஸ்ட் முதல் வாரம் வயிற்றைத் திறந்தார்கள். கட்டி தமனியைச் சுற்றியிருந்தது. எதையும் எடுக்காமல் மூடினார்கள். காயம் சீழ் பிடித்து, அவர் செப்டம்பர் 11 அன்று அந்த மருத்துவமனையிலேயே இறந்தார்.