மங்காத மருதாணி

என் கணவர் பாபிகர் அறுபதை நெருங்கும் வயதில் மறுபடி மாப்பிள்ளையானார். சர்க்கரை வியாதிக்காரருக்கு இதைவிட இனிப்பான யோசனை வருமா? சூடானில், எங்கள் ஓம்துர்மான் ஊரில் மாப்பிள்ளைக்கும் கைகால்களில் கருகருவென்று மருதாணி வைப்பார்கள். வைத்தவள் அவர் தங்கை பத்தூல். நடந்ததைப் பிறகு அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

"இந்தக் கட்டைவிரல் ஏற்கெனவே கறுத்துக் கெடக்கேண்ணே?"

"புதுச் செருப்பு கடிச்சிருக்கும். வலியே இல்ல பாரு. அவ்வளவு நல்ல தோலு!"

"அப்போ மருதாணி மிச்சம்!" என்று குலவையிட்டாலும், விடாமல் அதன்மேலும் அப்பியிருக்கிறாள்.

புது மனைவி இந்திஸாரின் வீட்டில் எப்போதும் சந்தனப் புகை. அங்கே எந்த நாற்றமும் தலைகாட்டாது. என் முறை வந்தபோது மாப்பிள்ளை என் வீட்டுக்கு எழுந்தருளினார். தொழுகைக்குக் கால் கழுவ உட்கார்ந்தவரைப் பார்த்தேன். மற்ற விரல்களில் மருதாணி வெளுத்திருந்தது. கட்டைவிரல் மட்டும் அடுப்புக்கரி.

"என்ன மாப்பிள்ளை, இது மட்டும் மங்கலையே?"

"இந்திஸார் எம்மேல வெச்ச பாசமாம். பத்தூல் சொன்னா."

"பாசம் இப்படியா நாறும்?"

நகத்தால் அழுத்திக் கிள்ளினேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் கிள்ளியது அவருக்குத் தெரியவே இல்லை. தொழுகை முடிந்ததும் முடியாததுமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா மூக்கைச் சுளிக்கவில்லை. "விரலுக்கு ரத்தமே போகலம்மா. அது எப்பவோ செத்துப்போச்சு. இப்போ பாதத்துக்கும் ஏறிட்டு வருது. முழங்காலுக்குக் கீழ எடுத்தா ஆளாவது மிஞ்சுவார்."

"அதான் வலிக்கலையே!" என்றார் பாபிகர்.

"வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க," என்றார் டாக்டரம்மா.

எடுத்தார்கள். வீடு திரும்பிய அன்று பத்தூல் கையில் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள், நல்லபடியாக வந்ததற்கு மருதாணி வைக்க. "ஒரு கால்தானே அண்ணி, கொஞ்சம் போதும்!"

கிண்ணத்தைப் பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினேன். யார்மேலாவது விழுந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அந்த மனுஷன்மேல் இன்னும் கோபம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் மிச்சமிருந்த காலை என் மடியில் எடுத்து வைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்காலில் விரலை மெல்ல ஓட்டினேன்.

பாபிகர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "விடுடி, கூசுது!"

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.